அடிக்கோடு அண்ணன்

சோழவந்தானில் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர்கூட அன்றைய விலையை வாட்ஸ்அப்பில்தான் கேட்கிறார். அண்ணன் மட்டும் ஐஆர்சியில் இருக்கிறார். 1988-இல் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினன் எழுதிய அரட்டை முறை அது. படம் கிடையாது, நீல டிக் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் ஓடும்.

"யார்கிட்டடா பேசிக்கிட்டு இருக்க?" என்று அம்மா கேட்டால், "பேசலம்மா, கனெக்ட் ஆகி இருக்கேன்" என்பார். பேசியே ரொம்ப நாளாகிறது என்பதுதான் உண்மை.

லினக்ஸ் பிடித்த ஆட்களில் இப்படி ஊருக்கு ஒருவர் இருப்பார். எழுத்து அழிந்த கீபோர்டு, "மவுஸ் எதுக்குப்பா?" என்ற ஏளனம், இர்சி என்ற மென்பொருளில் நாலு நெட்வொர்க். 2021 மே மாதம் ஃப்ரீநோடு என்ற ஐஆர்சி நெட்வொர்க்கை நடத்திய தன்னார்வலர்கள் சண்டை போட்டு விலகி லிபெரா.சாட் தொடங்கினார்களே, அந்த வாரம் அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. சம்பந்தி வீட்டுத் தகராறு கணக்காக டீக்கடையில் விளக்கினார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு வடையைப் பார்த்தார்கள்.

ஒரு பையன் இர்சி படிக்க வந்தான். அண்ணன் சொல்லிக்கொடுத்தார்: "'சர்வர்'னு அடிச்சா இருக்கிற கனெக்‌ஷனை விட்டுட்டுப் புதுசுக்குப் போயிரும். 'கனெக்ட்'னு அடிச்சா பழசும் இருக்கும், புதுசும் வரும்."

"சின்ன வீடு மாதிரியாண்ணே?"

மறுநாளிலிருந்து அவனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அண்ணனின் பொற்காலம் கரண்டு போகும் நேரம். இங்கே மோடம் அணைந்தது அங்கே சர்வருக்குத் தெரியாது. 'இருக்கிறாயா?' என்று பிங் அனுப்பி, பதில் வராமல் பார்த்த பிறகுதான் பெயரை எடுக்கும். அதற்குள் கரண்டு வந்துவிட்டால் அவர் பெயரை அவரே பிடித்து வைத்திருப்பார். இர்சி பெயருக்குப் பின்னால் ஓர் அடிக்கோட்டைச் சேர்த்து உள்ளே விடும். உடனே பெயர்களைக் காக்கும் நிக்சர்வுக்குக் கடவுச்சொல் கொடுத்து, பழைய இணைப்பாக நிற்கும் தன் பேயைத் தானே விரட்டுவார். ஒரு தமிழ்ச் சேனலில் இருப்பதே மூன்று பேர்: அண்ணன், அடிக்கோடு போட்ட அண்ணன், தானியங்கியாக ஒரு போட்.

இணைப்பு அறுந்தால் இர்சி ஐந்து நிமிஷம் பொறுத்துத்தான் மறுபடி முயலும். அதுவரை 'ரீகான்-1' என்று வரிசையில் நிற்கும். அண்ணனுக்கு ஏது அவ்வளவு பொறுமை? 'ரீகனெக்ட் 1' என்று அவரே தட்டுவார். உள்ளே போனதும் முகத்தில் ஒரு களை வரும். அப்புறம் சும்மா உட்கார்ந்திருப்பார்.

மச்சினன் பெங்களூரில் வேலை பார்க்கிறவன். மாமா படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, மாத வாடகைக்கு வெளிநாட்டில் ஒரு சர்வர் எடுத்து, இர்சியை அதில், நாம் வெளியேறினாலும் ஓடிக்கொண்டிருக்கச் செய்யும் டிமக்ஸுக்குள் ஓடவிட்டான். இனி சோழவந்தானில் நாள் முழுக்கக் கரண்டு இல்லாவிட்டாலும் அண்ணன் உள்ளேயே இருப்பார். பிங் டைம்அவுட் இல்லை, பேய் இல்லை, அடிக்கோடும் இல்லை.

ரெண்டு வாரம் கழித்து மச்சினன் போன் போட்டான். "இப்ப எப்படி மாமா, கட் ஆகாம ஓடுதா?"

"ஓடுது மாப்ள" என்றார் அண்ணன் சுரத்தில்லாமல். "நானேதான் ராத்திரி ஒருதடவ டிஸ்கனெக்ட் குடுத்துப் பாத்தேன்."