கழுகுக்கு யார் விசா எடுத்தது?

அல் ஐன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள ஆயாவுக்கு,

நான் நலம். சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒழுங்கு. (தங்கச்சி, எழுதியிருப்பதை மட்டும் படி. போன தடவை நீ சேர்த்துப் படித்ததில், எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாகத் திருக்கழுக்குன்றம் முழுக்கப் பேச்சு.)

"மணல்காட்டுல லீவு நாள்ல என்னடா பண்ணுவே?" என்று கேட்டாயே, ஊர் சுற்றுகிறேன். துணி துவைத்துப் போட்டுவிட்டு, ரூமில் இருக்கும் கொல்லத்துச் சேட்டன் காரில் ஏறினால், பெட்ரோல் காசுச் சண்டை முடிவதற்குள் ஒரு இடம் வந்துவிடும்.

இங்கே ஊர் நடுவிலேயே ஒரு பேரீச்சந்தோப்பு. 1,47,000 மரம். ஓரத்தில் முழ அகலத்துக்கு ஒரு வாய்க்கால், ஃபலஜ் என்கிறார்கள். மலைப்பக்கத்துத் தண்ணீரைப் பூமிக்கடியில் சுரங்கம் வெட்டிக் கொண்டுவந்து, முறை வைத்துப் பாய்ச்சியிருக்கிறார்கள். முறையைக் கவனிக்க அரீஃப் என்று ஒருவர், நம் ஏரிக்கு நீர்க்கட்டி மாதிரி. பக்கத்தில் ஹீலியில் கண்டெடுத்த வாய்க்காலுக்கு வயது 3,000. தோப்பு, வாய்க்கால், கல்லறை எல்லாவற்றையும் சேர்த்து 2011-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். வெள்ளைக்காரர்கள் குனிந்து குனிந்து போட்டோ எடுக்கிறார்கள். ஏரி மாவட்டத்தில் பிறந்தவன் காசு செலவழித்து வாய்க்கால் பார்க்கப் போனேன் என்று தெரிந்தால், தாத்தா மண்வெட்டியைத் தூக்கியிருப்பார்.

ஹீலியில் வட்டமாக ஒரு கல்லறை. வாசல் கல்லில் இரண்டு ஆள், இருபுறமும் நீளக்கொம்பு மான். அர்ச்சுனன் தபசில் தவம் செய்கிற பூனையைத் தேடிப் பிடித்துப் பழகிய கண் இல்லையா, "எங்க மாமல்லபுரத்துல இதை ஒரு காலை நேரத்துல செதுக்கிடுவாங்க" என்றேன். "நிங்ஙளுடெது ஏழாம் நூற்றாண்டு. இது 4,000 வருஷத்துக்கும் மேல" என்றார் சேட்டன். பிறகு கார் வரைக்கும் நான் பேசவில்லை.

முக்கியமான சமாசாரம் இனிமேல்தான். ஊருக்குத் தெற்கே ஜெபல் ஹஃபீத் என்று ஒரு மொட்டை மலை, 1,200 மீட்டருக்கு மேல் உயரம். நம்மூர் வேதகிரி மலையில் ஐந்நூற்றுச் சொச்சம் படியை மூட்டு வலியோடு ஏறுவாய். இங்கே மேலே வரைக்கும் தார் ரோடு, ஏசியில் உட்கார்ந்தபடி போகலாம். புண்ணியத்தில் எவ்வளவு கழிப்பார்களோ. மேலே வண்டியை நிறுத்திப் புளிசோற்று டப்பாவைத் திறந்தோம். பாறைக்கு மேலே ஒரு பறவை வட்டமடித்தது. வெள்ளை உடம்பு, இறக்கை ஓரம் கறுப்பு, மஞ்சள் மூஞ்சி.

ஆயா, நம் கழுகு! கூடத்தில் மாட்டியிருக்கிற போட்டோவில், கோயில் தேசிகர் கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் தின்கிறதே, அச்சாக அதே ஜாதி. காசியில் குளியல், நம்மூரில் மத்தியானச் சாப்பாடு, ராத்திரி சிதம்பரம் என்று டைம்டேபிள் சொல்வாய். 1998-க்குப் பிறகு வரவில்லை, கலி முத்திப்போச்சு என்பாய். கலியோ இல்லையோ, மாட்டுக்குப் போட்ட வலி ஊசிதான் நாடு முழுக்கப் பாறுக் கழுகு இனத்தையே வாரிக்கொண்டு போனது. ஊசி போட்ட பின் செத்த மாட்டைத் தின்றால் கழுகுக்குச் சிறுநீரகம் போய்விடும். அந்த மாட்டு மருந்தை 2006-இல்தான் தடை செய்தார்கள்.

"இது இந்த மலையிலேயே கூடு கட்டுறது, உங்க ஊர்லேர்ந்து வரலை" என்றார் சேட்டன். அவருக்கென்ன தெரியும்? நம் தெருப் பிள்ளைகள் பாதிப் பேர் கல்ஃபில். பொங்கல் வைக்க ஆள் இல்லாத ஊரில் அது மட்டும் என்ன செய்யும்? ஏஜெண்டுக்குக் கட்டாமல், மெடிக்கலில் ரத்தம் கொடுக்காமல் வந்து சேர்ந்த ஒரே ஆள். ஒரு கவளம் புளிசோறு பாறையில் வைத்துப் பார்த்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெய் போடவில்லை, அதுதான் காரணம்.

அடுத்த வாரம் செங்கல்பட்டுக்காரர் ஒருவர் லீவில் வருகிறார். இரண்டு கிலோ பேரீச்சை கொடுத்தனுப்புகிறேன். உனக்கு நாளைக்கு ஒன்று. சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாலு தின்கிற கணக்கெல்லாம் எனக்குத் தெரியும். பெட்டிச் சாவி தங்கச்சியிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பேரன்