ஊட்டிக்கு ஒரு ராத்திரி

கோயமுத்தூரிலிருந்து ஊட்டி 86 கிலோமீட்டர். காலையில் இட்லி தின்றுவிட்டுக் கிளம்பினால் மதியச் சோற்றுக்கு அங்கே இருக்கலாம். அங்கே ஒரே ஒரு ராத்திரி தங்குவதற்கு மூன்று வாரம் திட்டம் போடுகிற மனிதர் கணபதியிலும் சிங்காநல்லூரிலும் வீதிக்கு ஒருவர் உண்டு. பெரும்பாலும் லேத் பட்டறை வைத்திருப்பார். சூலூர்ப் பக்கம் கொஞ்சம் தோட்டமும் இருக்கும். சொந்தபந்தம் அவரை 'பிளான் மாமா' என்று சொல்லும், அவர் காதில் விழாமல்.

மாமா தன்னைச் சுற்றுலாப் பயணியாக ஒப்புக்கொள்ள மாட்டார். "டூரிஸ்ட்டுன்னா மெட்ராஸ்காரங்கதானுங்க. நமக்கு ஊட்டி பொடக்காளியாட்டம்."

வரலாறும் அவர் பக்கம்தான். ஊட்டியை உண்டாக்கிய ஜான் சல்லிவன், கோவை கலெக்டர். 1818-ல் விஷ், கிண்டர்ஸ்லி என்று இரண்டு உதவியாளர்கள் மலையேறிவிட்டு வந்து சொன்ன கதையைக் கேட்டு, மறுவருஷம் தானே ஏறினார். 1822-ல் அங்கே கல் பங்களா கட்டத் தொடங்கிவிட்டார். அதற்கும் இருநூறு வருஷத்துக்கு முன்னால், 1603-ல், ஃபெனீசியோ என்ற இத்தாலியப் பாதிரியார் மலபாரிலிருந்து ஏறி, தொதவர்களைப் பார்த்துவிட்டு இறங்கியிருக்கிறார். இதைக் கேட்டதும் மாமா கேட்ட ஒரே கேள்வி: "அவருக்கு ரூம் ஆரு போட்டுக் குடுத்தது?"

2024 மே மாதம் உயர்நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்தபோது ஊரே சலித்துக்கொண்டது. மாமா மட்டும் பூரித்துப்போனார். வண்டி எண், ஆட்கள் எத்தனை, என்றைக்கு ஏறுகிறீர்கள், என்றைக்கு இறங்குகிறீர்கள்: அவர் வாழ்நாளெல்லாம் சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பதில் கிடைக்காத கேள்விகளை அரசாங்கமே கேட்கிறது! மறுவருஷம் நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு வந்ததும் கால்குலேட்டரை எடுத்தார். ஒரு வண்டிக்குப் பதினைந்து அடி வைத்தாலும் 36 கிலோமீட்டர். "மேட்டுப்பாளையத்துல புடிச்சா வரிசை குன்னூரத் தாண்டி நிக்குமுங்க. சனிக்கெழமை ஆகாது."

செவ்வாய்க்கிழமை என்று முடிவானது. 'ஊட்டி 1 நைட்' என்று வாட்ஸ்அப் குழு பிறந்தது. குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா என்று அதில் பத்து நாள் வழக்கு ஓடியது. சீசன் நேரத்தில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவது போலீஸின் வழக்கம். அது தெரிந்தும் வாதாடினார்கள்.

பேரன் மலை ரயில் கேட்டான். "காலைல ஏழு பத்துக்கு எடுத்தா மத்தியானந்தான் கண்ணு ஊட்டி. நாப்பத்தாறு கிலோமீட்டருக்கு அஞ்சு மணி நேரம்!" என்று தட்டிக்கழித்தார். ஆனால் அந்த ரயிலைப் பற்றி யாரும் ஒரு சொல் குறைவாகப் பேசிவிடக் கூடாது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் பட்டை கிடக்கிறது; இஞ்சினின் பல் சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றத்தில் ஏறும். 1899-லிருந்து ஓடுகிற அமைப்பு. பல் சக்கரம் வெட்டியே பிழைப்பு நடத்துகிறவருக்கு அது கோயில் தேர் மாதிரி. கேட்காதவர்களுக்கும் விளக்குவார். யுனெஸ்கோ 2005-ல்தான் கண்டுகொண்டதே என்பதில் வருத்தம் வேறு.

வீட்டுக்கார அம்மா ஒரே ஒரு முறை வாய் திறந்தார். "ஏனுங்க, இத்தன பாடுபட்டுப் போறதுக்கு ரெண்டு நாளு இருந்துட்டு வந்தா என்னங்க?"

"தோட்டத்துல மோட்டாரு ஆரு போடறது?"

"போன்லயே போடறதுக்குத்தான அந்தப் பொட்டிய வாங்கி மாட்டுனீங்க?"

"மேல டவர் கெடைக்கோணுமில்ல."

பிளாஸ்டிக் பாட்டில் மலைக்கு ஆகாது என்பதால் தண்ணீர் தூக்குப்போசியில். பதினோரு பேருக்கு அரிசிபருப்புச் சோறு பெரிய போசியில். நெய் தனி. ஊட்டியில் சோறு கிடைக்காது என்று யாரும் சொல்லவில்லை. விலைக்குக் கிடைக்கும் என்பதுதான் மாமாவின் கவலை.

ஒருவழியாகப் போனார்கள். 1848-ல் போட்ட தாவரவியல் பூங்காவுக்கு மாமா ஒதுக்கியது நாற்பது நிமிஷம். படகு இல்லத்தைக் காரிலிருந்தே காட்டினார். சாயங்காலம் ஆறரைக்கு குரங்குக் குல்லாவோடு விடுதி வரவேற்பறையில் உட்கார்ந்து, காலையில் எத்தனை மணிக்கு இறங்கினால் நெரிசல் இருக்காது என்று அங்கிருந்த பையனை விசாரித்தார். டவர் நன்றாகவே கிடைத்தது. மோட்டாரைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். விடியற்காலை நாலரைக்குக் கதவுகளைத் தட்ட ஆரம்பித்தார்.

எட்டு மணிக்கு மேட்டுப்பாளையத்தில் காபி. "ஊட்டி எப்பிடீங்க மாமா?" என்று போனில் கேட்ட மாப்பிள்ளையிடம், "நேரத்துக்கு ஏறி நேரத்துக்கு எறங்கிட்டமுங்க" என்றார், அவ்வளவு நிறைவாக.

வீடு வந்து சேருவதற்குள் குழுவின் பெயர் 'வால்பாறை 1 நைட்' என்று மாறியிருந்தது. ஆழியாறுக்கு மேலே 40 கொண்டை ஊசி வளைவு. யாருக்கு எந்த வளைவில் குமட்டும் என்று பட்டியல் தயார். எலுமிச்சம்பழம் பத்தா, பன்னிரண்டா என்பதில்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது.