டப்பாவின் பின்பக்கத்தை முன்வைத்து: திருவள்ளூர் வட்டாரக் காலைப் பலகாரத்தில் குளூட்டன்

தமிழ்நாட்டில் கல்வெட்டைப் படிக்க ஆள் உண்டு, ஓலைச்சுவடியைப் படிக்கவும் ஆள் உண்டு. பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கத்தான் ஆள் இல்லை. இந்த ஆய்வு இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை. ஆய்வெல்லை: வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், தெற்கே திருவள்ளூர் பஜார், நடுவே செங்குன்றத்து அரிசி ஆலைகள், கிழக்கே பழவேற்காடு, அதற்கப்பால் கடல், அங்கே லேபிள் கிடையாது. கருதுகோள்: குளூட்டன் இருக்க வழியே இல்லாத பண்டம் அந்தப் பெருமையை முன்பக்கத்தில் முழங்கும், உள்ளே வைத்திருக்கும் பண்டம் பின்பக்கத்தில் முணுமுணுக்கும். முன்பக்கம் பாயிரம், பின்பக்கம் நூல். பாயிரத்தை மட்டும் புரட்டிவிட்டு மதிப்புரை எழுதுவது ஆய்வுலகில் நீண்டநாள் வழக்கம்தான். மளிகைக் கடையில் அதே வழக்கம் வயிற்றைக் கெடுக்கும்.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு அது சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கும். வாழ்நாள் முழுக்கத் தவிர்ப்பதுதான் வைத்தியம். கோதுமையே குற்றவாளி என்பதை நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ 1950இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் காட்டினார். ஆய்வேடு ஒன்றால் பிறருக்கும் பயன் விளைந்த அரிய நிகழ்வாக இதைக் குறித்துக்கொள்ளலாம். இனி வகைப்பாடு. இட்லி, பொங்கல், புட்டு, இடியாப்பம், அவல், கேழ்வரகுக் கூழ்: குற்றமற்றவை. பூரி, சேமியா, கோதுமை ரவை: தாமே ஒப்புக்கொண்டவை. ரவா தோசை: தோசைக் குலத்தில் நுழைந்த இடைச்செருகல். கார்ன்ஃப்ளேக்ஸ்: முன்பக்கத்தில் மக்காச்சோளம், பின்பக்கத்தில் பெரும்பாலும் பார்லி மால்ட். ஓட்ஸ்: வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலப்பதால் சந்தேகத்துக்குரியது, இந்திய விதியும் அதைக் குளூட்டன் தானியப் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. சத்துமாவு: பல கைகள் தொகுத்த தொகைநூல், ஒவ்வொரு பாட்டாகப் பார்க்கவேண்டும்.

எஞ்சியது பெருங்காயம். இந்த ஆய்வின் உயிர்நிலை இதுதான். இட்லி குற்றமற்றது என்று மேலே தீர்ப்பளித்தோம். ஆனால் இட்லி தனியே வருவதில்லை, சாம்பாரோடு வருகிறது. கடையில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அதில் வேலம்பிசினும் மாவும் சேர்க்க விதியே இடம் தருகிறது; அந்த மாவு பல டப்பாக்களில் மைதா. சேர்மானங்களை எடை மிகுந்ததிலிருந்து இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதி. அந்த வரிசையில் பெருங்காயம் தன் பெயர் தாங்கிய டப்பாவுக்குள்ளேயே பின்தங்கி நிற்பதைப் பல டப்பாக்களில் காணலாம் (காண்க: டப்பா, பின்பக்கம்). பாடபேதங்களும் உள. ஒரு டப்பாவில் ‘மைதா’, இன்னொன்றில் ‘கோதுமை மாவு’, வேறொன்றில் ‘உண்ணத்தகு மாவு’ (காண்க: மேற்படி டப்பா, பார்கோடுக்கு இடப்புறம், டப்பாவைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்த நிலையில்). ‘உண்ணத்தகு மாவு’ எத்தானியத்தது என்ற வினாவுக்கு விடை, ஒவ்வாமை எச்சரிக்கை என்ற உரைப்பகுதியில் கிடைக்கும் (காண்க: மேற்படி, அடிவிளிம்பு, கடைக்காரர் விலைச்சீட்டு ஒட்டிய முதற்பதிப்பு, நகத்தால் சுரண்டப்பட்ட திருத்திய இரண்டாம் பதிப்பில் மூன்று எழுத்துகள் மட்டும் தெளிவு).

ஒரு சிட்டிகைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்பார் உளர். கணக்குப் போடுவோம். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத பண்டமே ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று போட்டுக்கொள்ளலாம். தூளில் பாதி மைதா, மைதாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்துக்கொண்டால், அரை கிராம் சிட்டிகையில் 25 மில்லிகிராம். ஒரு கிலோ சாம்பார் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் சட்டத்துக்குள் திரும்பி வந்துவிடுகிறது. விருந்தாளி வந்தால் சாம்பாரை நீட்டும் வழக்கத்தில் நம் முன்னோர் குளூட்டன் அறிவியலை ஒளித்துவைத்தார்கள் என்று நிறுவ ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கும் மதிய உணவும் போதும். ஆனால் தண்ணீர் ஊற்றினால் செறிவுதான் குறையும்; பானைக்குள் போன மைதா வெளியே வராது.

தெற்கே சீலியாக் நோயே அரிதாயிற்றே என்பது அடுத்த தடை. உண்மை. 2016இல் வெளியான ஆய்வொன்றின்படி கோதுமை நுகர்வு வட இந்தியாவில் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம். நோயும் வடக்கே மிகுதி, தெற்கே மிகக் குறைவு. ஆனால் நோய்க்கு இடம்தரும் மரபணுக் கூறுகள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். நம்மைக் காத்தது குருதியன்று, அரிசி. அந்த அரிசித் தட்டும் மாறிவருகிறது. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் உழைக்கும் வடமாநிலத்தார் சப்பாத்தியோடு வந்தவர்கள். 2024 ஜூலை 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், ஊரகத்து அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்திலும் பொங்கலோடு ரவையும் சேமியாவும் உண்டு. பசித்த பிள்ளைக்கு அது நல்லதே. ஆனால் தெற்கின் 25 கிராம் அப்படியே நிற்கப்போவதில்லை.

ஆகவே முடிபு. லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கவேண்டும் என்கிறது விதி. தமிழில் அச்சிடுவது கம்பெனியின் விருப்பம். ‘கோதுமை’ என்று மூன்றே எழுத்தைத் தமிழில் அச்சிடப் பின்பக்கத்தில் இடம் இருக்கிறது, கேட்கவேண்டியவர்கள் கேட்கட்டும். அதுவரை, வீட்டில் சீலியாக் உள்ளவர் இருந்தால் அரிசி மாவு சேர்த்த பெருங்காயமாகப் பார்த்து வாங்குங்கள், அதுவும் கடையில் கிடைக்கிறது. கட்டியானாலும் தூளானாலும் திருப்பிப் பாருங்கள். அடுத்த முறை அதே டப்பாவை வாங்கும்போதும் திருப்பிப் பாருங்கள். கலவை மாறினால் அதை முன்பக்கத்தில் சொல்ல மாட்டார்கள்.