அஜாக்கிரதைக்கு ஓர் உத்தியோகம்

மின் விபத்துகளை விசாரித்து அறிக்கை வரையும் மாண்புமிகு அதிகாரிகளின் சமூகத்துக்குச் சோமனூர்வாசி ஒருவன் பணிவுடன் எழுதிக்கொள்ளும் விஞ்ஞாபனம்.

ஐயன்மீர்,

கட்டட வேலையில் கம்பி தூக்கிய கூலியாள் மின்சாரம் பாய்ந்து மாண்டுபோனால், அதற்குக் காரணம் அவனுடைய அஜாக்கிரதையே என்பதை, சவம் பரிசோதனைக்குப் போய்ச் சேருமுன்பே கண்டுபிடித்துவிடும் தங்கள் ஞானதிருஷ்டிக்குத் தக்க மரியாதை செய்யவேண்டும் என்ற ஒரே நோக்கத்துடன் இதை எழுதுகிறேன். 2017 செப்டம்பரில் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் கூரை இடிந்து விழுந்து உயிர்கள் போனபோது, கூரை என்று தெரிந்தும் அஜாக்கிரதையாக அதன்கீழ் நின்றார்கள் என்று ஒருவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. மின்சார விஷயத்தில் அந்தக் குறை இல்லை.

1930-களில் பைக்காராவிலிருந்து இறங்கிவந்த மின்சாரத்தால் ஆலை கண்டு, பிறகு விசைத்தறி கண்டு பிழைத்த பிரதேசம் இது. ஆகவே மின்சாரத்தின்மேல் எங்களுக்குத் துவேஷம் கிடையாது. தறிக்குடோன் முதலில் ஓட்டுக் கூரையாக இருந்தது. வீதியோரம் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். நாலு காசு சேர்ந்ததும் குடோன் மாடியாயிற்று. மாடி வளர்ந்து கம்பியின் பக்கத்தில் போய் நின்றது. கம்பி கட்டடத்தைத் தேடி வந்ததா, கட்டடம் கம்பியைத் தேடிப் போனதா என்பதைத் தாங்கள் ஒவ்வோர் அறிக்கையிலும் கட்டடத்துக்குப் பாதகமாகவே தீர்த்துவைக்கிறீர்கள். போகட்டும்.

11,000 வோல்ட் கம்பிக்கும் கட்டடத்துக்கும் இடையே பக்கவாட்டில் 1.2 மீட்டரும், கூரைக்குமேல் 3.7 மீட்டரும் இடைவெளி வேண்டும் என்பது விதி. சுவர் எங்கும் திரும்பாத பதார்த்தமாகையால் சுவருக்கு இந்த அளவு போதும். ஆனால், லாரியில் வந்திறங்கும் முறுக்குக் கம்பியின் நீளம் 12 மீட்டர். அதன் நடுப்பாகத்தைத் தோளில் ஏந்திக்கொண்டு, வியர்வை வழியும் உடம்போடும் வெறுங்காலோடும் ஒருவன் மாடியில் அரைவட்டம் திரும்பினால், அவனுக்கு இருபுறமும் ஆறாறு மீட்டர் கம்பியும் கூடத் திரும்புகிறது. விதியின் அளவுநாடா சுவரை அளக்கிறது. சாகிறவனோ கம்பியைப் பிடித்திருக்கிறான்.

எனவே, தலைக்குமேல் ஓடுவது 230 வோல்ட்டா 11,000 வோல்ட்டா என்பதையும், கட்டடம் எழுப்புமுன் உரிமையாளர் மின்வாரியத்துக்கும் மின் ஆய்வாளருக்கும் எழுத்துமூலம் அறிவித்தாரா என்பதையும், தற்காலிக இணைப்பில் 30 மில்லியாம்பியர் கசிந்தவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி உண்டா என்பதையும் அறியக் கடமைப்பட்டவன் அந்தத் தினக்கூலியாளே என்பதுதான் தங்கள் அறிக்கைகளின் சித்தாந்தமாகிறது. இவ்வளவு வித்வத்தை ஒருவனிடம் எதிர்பார்க்கிற சர்க்கார், அவனுக்குப் பொறியாளர் சம்பளமும் ஒரு ஜீப்பும் கொடுப்பதல்லவா நியாயம்? தகுதியுள்ளவர் வேறு எவரும் அங்கே இருப்பதாகவும் தெரியவில்லை. குடோன் முதலாளியைக் கேட்டால், தம் தொழில் நெசவு, கட்டடமன்று என்கிறார். ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் முதலாளியே நஷ்டஈடு தரவேண்டும் என்று சொன்ன 1923-ஆம் ஆண்டுச் சட்டமே, அந்த வேலை அவருடைய தொழிலின் வழக்கமான பகுதியாக இருந்தால்தான் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது. ஒப்பந்தக்காரர் மேஸ்திரியைக் காட்டுகிறார். மேஸ்திரி, "நானும் கூலிக்காரந்தானுங்க, கரண்டு அடிச்சுப்போடுச்சு, நான் என்னத்தப் பண்றதுங்க?" என்று மேலே கையைக் காட்டுகிறார். மேலே இருப்பதோ தங்கள் கம்பி.

ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மழைத் தண்ணீர் நின்ற சாலையில் அறுந்து கிடந்த கம்பியை அறியாமல் இரவில் சைக்கிளில் போய் இறந்த ஒரு தொழிலாளியின் வழக்கில், யாரோ மின்சாரம் திருடியதால் நேர்ந்தது என்று மத்தியப் பிரதேச மின்வாரியம் வாதித்தும், அபாயகரமான பொருளைக் கையாள்பவரே, தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்துவிட்டது. நஷ்டஈட்டுச் சட்டமோ இன்னும் மோசம்: வேலையில் நேர்ந்த மரணத்துக்கு, வேண்டுமென்றே விதியை மீறினான் என்பதைக்கூட எதிர்வாதமாக ஏற்காது, வெறும் அஜாக்கிரதையை அது சட்டையே செய்வதில்லை. தாங்கள் இத்தனை சிரமப்பட்டுக் கண்டுபிடித்த பதார்த்தம் நஷ்டஈட்டு வழக்கில் செல்லாக் காசு என்பதில் எனக்கு மிகுந்த வருத்தம்.

இந்த அவமானம் நீங்க ஒரே வழிதான் உண்டு. இறந்த ஒவ்வொருவனையும், அவன் ஏற்கெனவே வகித்ததாகத் தாங்கள் கருதும் பாதுகாப்புப் பொறியாளர் பதவியில், வேலைக்குச் சேர்ந்த நாள் முதலாக முறைப்படி நியமித்து உத்தரவு பிறப்பியுங்கள். கணக்குப் போடுவது கடினமன்று; 25 வயதுக்காரன் இறந்தால் மாதச் சம்பளத்தில் பாதியை 216.91-ஆல் பெருக்கவேண்டும் என்று, அவனுடைய மிச்ச ஆயுளை இரண்டு தசம ஸ்தானம்வரை சட்டம் நிர்ணயித்திருக்கிறது. கூலியாள் சம்பளத்துக்குப் பதிலாகப் பொறியாளர் சம்பளத்தைப் போட்டுப் பெருக்குங்கள். தொகையை ஒரு மாதத்துக்குள் அவன் மனைவி கையில் சேர்ப்பியுங்கள். தவறினால் 12 சதவீத வட்டி, தக்க காரணமின்றித் தாமதித்தால் தொகையில் பாதிவரை அபராதம். பதவிதான் என் கற்பனை. வட்டியும் அபராதமும் சட்டத்தில் உள்ளவையே.

இங்ஙனம்,
தங்கள் அறிக்கைகளைத் தவறாமல் வாசிக்கும்
சோமனூர்வாசி