புரை விழுந்த கார்கள்

ராசிபுரத்து வெயிலுக்கு நெய் உருகும், கார் ஹெட்லைட் மஞ்சள் பூக்கும். அம்பாசிடர் காலத்தில் அது கண்ணாடி, இப்போது பாலிகார்பனேட். மேல்பூச்சைப் புற ஊதாக் கதிர் தின்றதும் புரை விழுகிறது. அதற்கு நம் கைவைத்தியம் பற்பசை. பளபளக்கும், கொஞ்ச நாளைக்கு.

முறையாகச் செய்வதென்றால் 800, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் வரிசையாகத் தேய்த்து, புற ஊதா தாங்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். செலவாகுமாம்! எல்இடி பல்பு மாட்ட மட்டும் பணம் இருக்கிறது. மங்கின மூடிக்குள் அந்த வெளிச்சம் சிதறி, சாலையை விட்டுவிட்டு எதிரே வருகிறவர் கண்ணில்தான் அடிக்கும். ஆண்டகளூர்கேட் தாண்டினதும் லாரிக்காரர் ‘டிம் பண்ணுய்யா’ என்று விளக்கை அணைத்தணைத்துப் போடுகிறார். தெரிந்தவர் போலிருக்கிறது என்று நம்மாள் ஒரு ஹாரன் கொடுக்கிறார்.