டிஷ்யூத் திணை: ஓர் ஆய்வு முன்னுரை

தொல்காப்பியர் ஐந்திணைக்கு முதல், கரு, உரி என்று மூன்று பொருள் வகுத்தார். கைக்கிளையையும் பெருந்திணையையும் கூட்டி ஏழோடு நிறுத்திக்கொண்டார். எட்டாவது ஒன்று தேவைப்படுவதற்குக் காரணம், சிங்கப்பூர்க் கேலாங் சிராய்ச் சந்தையின் மேல்தளம்.

முதற்பொருள்: நிலம், உணவங்காடி நிலையம், பொழுது, நண்பகல் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை. கருப்பொருள்: உணவு, பிரியாணியும் மீ ரெபுஸும், நீர், தே தாரிக், புள், தட்டு காலியாகும் முன்பே வந்திறங்கும் மைனா, தெய்வம், காலி மேசை. உரிப்பொருள், இருத்தல். முல்லைக்கும் அதுவே என்று புலவர் ஆட்சேபிக்கலாம். முல்லையில் காத்திருப்பவள் தலைவி. இங்கே காத்திருப்பது ஒரு டிஷ்யூப் பொட்டலம். தலைவன் பிரியாணி வரிசையில் நிற்கிறான்.

இப்படிப் பொருளை மேசையில் வைத்து இடம் பிடிப்பதைச் சிங்கப்பூரில் ‘சோப்’ பண்ணுதல் என்பர். குடை, தண்ணீர்ப் போத்தல், கழுத்துப்பட்டையோடு கழற்றி வைத்த அலுவலக அட்டை ஆகியவற்றுக்கும் இந்த அதிகாரம் உண்டு. ஆயினும் டிஷ்யூவே தலையாயது. காரணம் எளிது. உணவங்காடிக் கடைகள் பொதுவாகக் கை துடைக்கத் தாள் தருவதில்லை. ஆகவே ஊரே பையில் பொட்டலத்தோடு திரிகிறது. மறந்தவர்க்கு மேசை மேசையாக வந்து விற்கும் முதியவர் இருக்கிறார். பிரிக்காத பொட்டலம் பட்டா. கசக்கிய ஒற்றைத் தாள் குப்பை. மேசை துடைக்கும் ஆன்ட்டி இந்த வேறுபாட்டை ஒரு நொடியில் அறிவார்.

தமிழ்நாட்டில் பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதோடு இதை ஒப்பிடுவோர் உளர். மேலோட்டமான ஒப்பீடு. துண்டுக்குப் பின்னால் உடையவர் படிக்கட்டில் முண்டியடித்து ஏறிக்கொண்டிருக்கிறார். தேவைப்பட்டால் சட்டைக் காலரைப் பிடிப்பார். துண்டின் வலிமை அவருடைய குரல்வளையில் இருக்கிறது. டிஷ்யூவுக்கு அப்படி எவரும் இல்லை. உடையவர் மலாய்க்காரரா, சீனரா, தமிழரா என்பதுகூடத் தெரியாது. நான்கு ஆட்சிமொழிகள் கொண்ட நாட்டில், எந்த மொழியிலும் பேசாமலே எல்லாருக்கும் விளங்குகிற ஒரே ஆவணம் அதுதான் என்பது இவ்வாய்வாளன் துணிபு. முதல் நாள் வேலைக்கு வந்தவர் பொட்டலத்தை ஒதுக்கிவிட்டு உட்காருவார். சுற்றியிருப்போர் ஒன்றும் சொல்லாமல் பார்ப்பார்கள். அந்தப் பார்வை போதும். அடுத்த மாதம் அவர் பையிலும் ஒரு பொட்டலம் இருக்கும். ஊருக்கு விடுமுறையில் போய், உணவகத்தில் கைக்குட்டையை மேசையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போகும்போதுதான் தாம் என்ன ஆகிவிட்டோம் என்பது அவருக்குப் புரியும்.

இனி ஒரு புதிர். இதே மக்கள் சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்கச் சட்டம் தேவைப்பட்டது. ஆண்டுக்கணக்கில் அறிவிப்பும் பிரசாரமும் நடந்தன. கடைசியில் 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடிகளில் அது கட்டாயமானது. முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி. டிஷ்யூவுக்கு எச்சரிக்கையும் இல்லை, வெள்ளியும் இல்லை, காக்கும் சட்டமும் இல்லை, மீறுவாரும் அரிது. என் விளக்கம் இது: தட்டைத் திருப்பி வைத்தால் பலன் அடுத்தவருக்கு, பொட்டலத்தை மதித்தால் பலன், நாளை அதே இடத்தில் பொட்டலம் வைக்கப்போகும் எனக்கு. தன்னலத்துக்கு அபராதம் தேவையில்லை.

அகத்துக்குப் புறம் வேண்டுமல்லவா? பொட்டலம் இல்லாதவர், சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் தட்டேந்தி நிற்பது உழிஞை. முற்றுகையை உணர்ந்தும் தே தாரிக்கை மூன்றாம் முறையாகக் கலக்கிக்கொண்டிருப்பது நொச்சி.

தீராத வழக்கு ஒன்றே. நால்வர் மேசையில் ஒரு பொட்டலம் இருந்தால் அது ஒரு நாற்காலிக்கா, நான்குக்குமா? நாற்காலிவாதிகள், “இங்க யாரும் இருக்காங்களா?” என்று காற்றைக் கேட்டுவிட்டு எதிரே அமர்வர். மேசைவாதிகள் வேறு தளத்துக்கே போய்விடுவர். மூன்றாம் தரப்பு ஒன்றும் உண்டு: எதிரே அமர்ந்து, மீ ரெபுஸை முடித்து, அந்தப் பொட்டலத்தையே பிரித்து வாய் துடைத்துக்கொள்பவர். இவரை எந்தத் திணையில் அடக்குவது என்பதற்கு உரையாசிரியர்களிடமும் விடையில்லை; பிரியாணியோடு திரும்பி வரும் உடையவரைத்தான் கேட்க வேண்டும்.