எட்டெட்டும் ஏழேழும்

கல்வெட்டு பார்க்கப் போகும்போது கூட அழைத்துப் போகக் கூடாத ஆள், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். என் மனைவியின் அண்ணன் அந்த ரகம்.

குடுமியான்மலை சிகாநாதர் கோயிலில், மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் இருக்கிறது அந்த இசைக் கல்வெட்டு. ஏழாம் நூற்றாண்டு எழுத்து. மகேந்திரவர்மன் வெட்டியது என்பார்கள். இல்லை என்போரும் உண்டு. உருத்திராசாரியாரின் சீடனான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்பதற்கு மட்டும் கல்லே சாட்சி. கிழிக்க முடியாத பாடநூல். பாடத்திட்டத்தை மாற்ற நினைத்தால் மலையை மாற்ற வேண்டும். கிரந்த எழுத்தில் ஏழு பிரிவுகள். வரிக்கு வரி, நாலு நாலு சுரமாகப் பதினாறு கொத்து.

நான் உருகத் தயாரானபோது மச்சான் வாயில் முணுமுணுப்பு. ராகம் என்று நினைத்தேன். வாய்ப்பாடு.

"பதினாறு நாலு அறுபத்து நாலு. அதாவது எட்டெட்டு. ஒவ்வோர் இடத்துலயும் ஏழு சுரத்துல எது வேணும்னாலும் வரலாம். அப்ப மொத்தம் எத்தனை வரி எழுதலாம், மாப்ளே?"

"நெறைய."

பள்ளிக்கூடமாக இருந்தால் முட்டி போட வைத்திருப்பார். சரியான விடை, அறுபத்து நாலு ஏழுகளைப் பெருக்கி வருவது: 55 இலக்க எண். வாயால் சொல்வதானால், ஏறக்குறைய 1 லட்சத்து 22 ஆயிரம் என்று தொடங்கி, 'கோடி' என்று ஏழு தடவை சொல்ல வேண்டும். லட்சம் கோடி வரை செய்தித்தாள்கள் நம்மைப் பழக்கிவிட்டன. மிச்சம் ஆறு கோடிக்கு மூச்சுதான் வேண்டும். இன்றைய 800 கோடிப் பேரும் பிரபஞ்சம் பிறந்த நாளிலிருந்து, 1,380 கோடி ஆண்டுகளாக, நொடிக்கு ஒரு வரி பாடியிருந்தாலும் கணக்கு 28 இலக்கத்தைத் தாண்டாது. எல்லாரும் பாடினால் கேட்க ஆள் ஏது என்பது வேறு விஷயம்.

எண்ணின் குணநலன்களையும் சொன்னார். கடைசி இலக்கம் 1. எட்டால் வகுத்தாலும் மீதி 1. முழு வர்க்கம். 7ஐத் தவிர எந்தப் பகா எண்ணுக்கும் மசியாது. காரணிகள் மொத்தம் 65.

"மேல பாறையில 63 நாயன்மார். நடுவுல சிவனும் பார்வதியும். 65 சரியா வருதா?"

"காளை இருக்கே மச்சான்?"

"அது வாகனம். காரணியில சேராது."

கல்வெட்டின் கடைசியில் தமிழில் ஒரு வரி உண்டு. இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்கிறது. எந்த எட்டு, எந்த ஏழு? 1904இல் இதைக் கண்டறிந்ததிலிருந்து அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். மச்சான் நின்ற இடத்திலேயே தீர்ப்பு எழுதினார். ஒரு வரியின் பதினாறு கொத்தும் ஒரே சுரத்தில்தான் முடிகின்றன. ஆகவே கொத்துக்கு மூன்று இடம்தான் நம் இஷ்டம்; அது 48. எல்லாவற்றுக்கும் பொதுவான முடிவுச் சுரம் ஒன்று. ஆக 49.

"கட்டுப்பாடு இல்லேன்னா எட்டெட்டு, இருந்தா ஏழேழு. எட்டுக்கும் ஏழுக்கும்! ராஜா தெளிவாத்தான் சொல்லியிருக்கார்."

இதை எந்த இசை அறிஞரும் ஒப்புக்கொள்ள மாட்டார், நானும் ஒப்பவில்லை. பெருக்கல் சரி, ராஜா பாவம். ஆனால் ஒன்று. ஏழின் 49ஆம் அடுக்குக்கூட 42 இலக்கம். அத்தனையிலிருந்து பொறுக்கிப் பாறையில் ஏற்றியது நாற்பது வரிகூட இல்லை. நம் பாடநூல் தயாரிப்பவர்கள் ஒருமுறை குடுமியான்மலைக்கு வந்து போகலாம்.